1050 டிஐ என்ற பெயரில் 2011ஆம் வருஷத்துக் கிராபிக்ஸ் கார்டு: கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்யக் கொடுப்பவர்கள் கவனிக்க

கேமிங், எடிட்டிங் இரண்டுக்கும் சேர்த்து அப்கிரேடு செய்து தருகிறோம் என்று சொல்லி, காலாவதியான கிராபிக்ஸ் கார்டுக்குப் புதுப்பெயர் சூட்டி மாட்டிவிடும் வேலை இன்னும் ஓயவில்லை. ஒரு கல்லூரி மாணவரின் கம்ப்யூட்டரைத் திறந்தபோது உள்ளே இருந்ததை அப்படியே கீழே எழுதியிருக்கிறோம். கடையின் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு ஆன்லைனிலும் பல ஊர்களிலும் புழங்குகிறது, ஒரு கடையைத் தவிர்த்தால் மட்டும் தப்பிக்க முடியாது.

அவரிடம் ஏற்கெனவே இருந்தது ஐ5-8400 பிராசசர், எச்310 மதர்போர்டு, 8 ஜிபி ராம். கடையில் போட்டுக் கொடுத்தவை: என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, இன்னொரு 8 ஜிபி ராம், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான வகைச் சேமிப்பு டிஸ்க்), 500 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி). “பில் போட்டா 18% ஜிஎஸ்டி ஏறும் தம்பி” என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதில் “கிராபிக்ஸ் கார்டு 4ஜிபி – 1” என்று மட்டும் இருக்கிறது. கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் எதுவும் கிடையாது.

டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் 1050 டிஐ என்றுதான் காட்டும். லேசான கேம்கள் ஓடும். கொஞ்சம் கனமான கேமைத் திறந்தால் சில நிமிஷத்தில் திரையில் கட்டம் கட்டமாகக் கோளாறு வந்து, கறுத்து, ரீஸ்டார்ட் ஆகிவிடும். எடிட்டிங்கில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் ஹார்டுவேர் என்கோடிங் (வீடியோவைச் சுருக்கும் வேலையைச் சிப்பே செய்வது) என்ற தேர்வு அமுக்கவே வராது. கடையில் கேட்டதற்கு வந்த பதில்: “ராம் பத்தல, இன்னும் 16 போடுங்க. டிரைவரை மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க.” இந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்தாலே உஷாராகிவிட வேண்டும்.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டதும் கார்டின் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று வந்துவிட்டது. 2018இலிருந்து இந்த வசதி அதில் இருக்கிறது. அசல் 1050 டிஐ என்றால் சிப் ஜிபி107, 14 நானோமீட்டர் தயாரிப்பு, 768 ஷேடர் (கணக்குப் போடும் அலகு), 128 பிட் நினைவக அகலம், 4 ஜிபி. இங்கே இருந்தது ஜிஎஃப்116, 40 நானோமீட்டர், 192 ஷேடர், 192 பிட். ஹீட்சிங்க்கைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்துப் பார்த்தால் சிப்பின் மேலேயே ஜிஎஃப்116 என்று பொறித்திருக்கிறது. 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டின் சிப் அது. கார்டின் பயாஸை (அதன் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதிப் பெயரையும் நினைவக அளவையும் திருத்தியிருக்கிறார்கள். உண்மையில் இருப்பது 1 ஜிபிதான். கேம் அதைத் தாண்டிக் கேட்கும்போது கவிழ்ந்துவிடுகிறது.

எக்ஸ்போர்ட் பிரச்சினைக்கும் காரணம் இதுதான். என்விடியாவின் என்வென்க் என்கோடர் இந்தச் சிப்புக்கு அடுத்த தலைமுறையில்தான் வந்தது, ஆகவே இதில் அது கிடையவே கிடையாது. டிரைவரும் 2018இல் 391 வரிசையோடு நின்றுவிட்டது. புதுசைப் போட்டால் ‘கோடு 43’ என்ற பிழை வரும், இல்லையென்றால் நீலத்திரை.

இதில் மனம் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. ஐ5-8400க்குள்ளேயே இருக்கும் யுஎச்டி 630 கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்ற வீடியோ என்கோடர் இருக்கிறது. எச்.264, ஹெச்இவிசி என்ற இரண்டு வீடியோ வகைகளையும் ஹார்டுவேரிலேயே என்கோடு செய்யும். தனிக் கார்டு மாட்டியதும் பல போர்டுகள் அதை அணைத்துவிடும். மதர்போர்டின் பயாஸுக்குள் போய் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பதை ஆன் செய்து, இன்டெல் டிரைவரைப் போட்டால் திரும்ப வந்துவிடும். அதாவது, காசு வாங்கிக்கொண்டு மாட்டிய கார்டு, அவரிடம் சும்மாவே இருந்த வசதியையும் பறித்திருக்கிறது.

கார்டை வெளியே பார்த்தே சந்தேகப்படலாம். 1050 டிஐயின் தலைமுறையான பாஸ்கல் சிப்பில் அனலாக் வெளியீடே இல்லை. 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் வாங்காதீர்கள். பெரும்பாலான அசல் 1050 டிஐ கார்டுகள் ஸ்லாட்டில் கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். இதற்கோ 6 பின் பவர் தேவைப்பட்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயர் இல்லாததால் பழைய டிஸ்க்குகளுக்கான மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து அடாப்டர் போட்டு இழுத்திருக்கிறார்கள். அடாப்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது.

எஸ்எம்பிஎஸ் கதை இன்னும் ஆபத்து. மேலே பெரிய எழுத்தில் 500 வாட். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே 14 ஆம்ப். பெருக்கினால் 168 வாட். பிராசசரும் கார்டும் எடுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 550 டிஐ 116 வாட், பிராசசர் 65 வாட், ஆக 181. அந்த 168ஐ இதுவே தாண்டிவிடுகிறது. அதனால் லேபிளில் 12 வோல்ட் ஆம்பைப் பாருங்கள், மொத்த வாட்டை நம்பாதீர்கள். பின்பக்கம் 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அதில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக எடுக்கும் சுற்று) இல்லை. கிராபிக்ஸ் கார்டு போடும் கம்ப்யூட்டருக்கு அது வேண்டாம்.

எஸ்எஸ்டியும் சொன்னது அல்ல. எம்.2 வடிவம்தான், ஆனால் உள்ளே என்விஎம்இ அல்ல, அதைவிட மெதுவான சாட்டா. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் இன்டர்ஃபேஸ் என்ற வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் அங்கேயே இருக்கும். புது டிஸ்க் என்றால் ஆயிரக்கணக்கில் காட்டக் கூடாது. ராம் மட்டும் ஒழுங்காக இருந்தது, இரண்டும் ஜோடியாக டூயல் சேனலில் ஓடுகின்றன.

போலி அல்லாத கார்டிலும் பெயர் குழப்பம் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3050 என்றால் 8 ஜிபி 128 பிட்டும் இருக்கிறது, 6 ஜிபி 96 பிட்டும் இருக்கிறது. 6 ஜிபி கார்டில் ஷேடரும் 2560க்குப் பதில் 2304. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 என்று வரும் பலவற்றில் 2304க்குப் பதில் 2048 ஷேடர்தான். விலை பேசும்போதே எது என்று கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் கார்டைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஜிபியு-இசட் திரை, கார்டின் இரு பக்கம், எஸ்எம்பிஎஸ் லேபிள், எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். எஸ்டிமேட் சீட்டு, யுபிஐ பணம் போன விவரம், வாட்ஸ்அப்பில் பேசியது இவையும் சான்றாகும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.