எச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளேபோர்ட்டா, டைப்-சியா?

டிவியையோ மானிட்டரையோ இணைக்கும் கேபிள் வாங்கக் கிளம்பும் முன் திரையின் பின்பக்கத்தை ஒரு முறை பாருங்கள். டிவி என்றால் எச்டிஎம்ஐதான். வீட்டு டிவிகளில் டிஸ்ப்ளேபோர்ட் அநேகமாக இருக்காது. சவுண்ட்பாருக்கு ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதியும் எச்டிஎம்ஐயில்தான் உண்டு.

எச்டிஎம்ஐ கேபிள் விளம்பரத்தில் '2.1 கேபிள்' என்று பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அது கருவிகளுக்கான பதிப்பு எண். கேபிளுக்கு வேகப் பெயர்தான் அடையாளம். 4கே என்னும் மிகத் துல்லியமான படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை மாற 'பிரீமியம் ஹை ஸ்பீட்' (18 ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு 18 கிகாபிட்), 4கே 120 ஹெர்ட்ஸில் கேம் ஆட 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' (48 ஜிபிபிஎஸ்). சான்று பெற்றவற்றின் பெட்டியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் லேபிள் ஒட்டியிருக்கும். முலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளால் நிறம் கூடுவதில்லை. இது டிஜிட்டல் சிக்னல். வேகம் போதாத கேபிளில் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுமினுக்கும், அல்லது படம் ஓரிரு நொடி கறுத்துவிட்டுத் திரும்பும். நீளம் கூடக்கூட இது அதிகமாகும். 48 ஜிபிபிஎஸ் வேண்டுமென்றால் 3 மீட்டருக்குள் முடிப்பது நல்லது. சுவருக்குள் 10 மீட்டர் இழுப்பவர்கள் ஒளியிழையில் சிக்னலை அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்க வேண்டும். அதற்குத் திசை உண்டு: 'டிஸ்ப்ளே' என்ற முனை திரைப்பக்கம். மாற்றிச் செருகினால் படமே வராது, ஆகவே சுவரைப் பூசும் முன் ஓட்டிப் பாருங்கள்.

கணினி மானிட்டருக்கு எங்கள் தேர்வு டிஸ்ப்ளேபோர்ட். பழைய மானிட்டர்களின் எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கேயில் 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்வதே அதற்கு அடையாளம். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அதே 4கேயை 60 ஹெர்ட்ஸில் தரும். மலிவுக் கேபிளில் ஒரு ஆபத்து உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் முனையின் இருபதாம் பின் (இணைப்பு ஊசி) மின்சாரத்துக்கானது. கேபிளில் அதை இணைக்கவே கூடாது. இணைத்திருந்தால் மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் பாய்ந்து, பூட் ஆவதிலேயே கோளாறு வரும். கழற்றும்போது கொக்கியை அழுத்திவிட்டு இழுங்கள்.

டைப்-சி ஒரே வயரில் படமும் சார்ஜும் தரும். ஆனால் லேப்டாப் போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப்-சி வழியே படம் அனுப்பும் வசதி) இருக்க வேண்டும். போன் சார்ஜர் வயர் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 மட்டுமே என்பதால் அதில் படம் வராது.

கன்வெர்ட்டர் வாங்கினால் திசையைக் கேட்டு வாங்குங்கள். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு எளிய அடாப்டரே பெரும்பாலும் போதும். எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, யூஎஸ்பி மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் அடாப்டர் தேவை.