கெம்பிரி + மைக்ரோசிப் பேக்கேஜ்: கொடுக்கிற காசுக்கு வேலை நடக்கிறதா?

பூனைக்குச் செய்யும் கருத்தடை ஆபரேஷனையும் (மலாயில் கெம்பிரி), தோலடியில் போடும் அடையாளச் சிப்பையும் சேர்த்து ‘கெம்பிரி + மைக்ரோசிப்’ என்று விலை போட்ட பலகை கோலாலம்பூர் கால்நடை கிளினிக் வாசலில் இப்போது சகஜம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆபரேஷனுக்குக் கொடுக்கும் காசு அநேகமாக வீண் போவதில்லை. சிப்புக்குத்தான் முழுக் காசு வாங்கிக்கொண்டு பாதி வேலை பார்க்கிறார்கள்.

‘சட்டப்படி கட்டாயம்’ என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். கோலாலம்பூரில் பூனைக்குச் சிப்பும் கட்டாயமில்லை, கெம்பிரியும் கட்டாயமில்லை. இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் பூனைக்கு 20 வாரம் ஆவதற்குள் சிப் போட்டாக வேண்டும். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் பூனைக்கு லைசென்ஸ் முறை வந்துவிட்டது. சிப் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. வேலை கிடைத்து அந்தப் பக்கம் குடிபோகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

நம் மலேசியச் சட்டம் வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது. 2015 விலங்கு நலச் சட்டம், அதாவது சட்டம் 772, தீனி, இடம், நோய் வலியிலிருந்து பாதுகாப்பு எல்லாவற்றையும் உரிமையாளர் தலையில் வைக்கிறது. கொடுமை என்று நிரூபணமானால் அபராதம் 20,000 வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கி 100,000 வரை போகும். 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. கொண்டோவில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி நிர்வாக) விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் 14ஆவது துணைவிதி. பூனை அக்கம்பக்கத்துக்குத் தொல்லை என்று மேனேஜ்மென்ட் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால், மூன்று நாளில் அதை வெளியேற்ற வேண்டும். புகார் பெரும்பாலும் எதனால் வரும்? கடுவன் காரிடாரில் பீய்ச்சும் மூத்திர நாற்றம், பெட்டை இரவெல்லாம் போடும் கத்தல். இரண்டையும் பெருமளவு அடக்குவது கெம்பிரிதான். நம் ஊரில் வருடம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம் என்பதால் பூனைக்குச் சூட்டுப் பருவம் (இணைசேரும் காலம்) ஓய்வதே இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே பெட்டை மறுபடி சினையாகும். 63 நாள் சுற்றில் அடுத்த ஈற்று.

கவுண்டரில் என்ன கேட்கிறார்கள் என்பதை வைத்தே கிளினிக்கை எடை போடலாம். எத்தனை மாதம், சூட்டில் இருக்கிறதா, தடுப்பூசி ஆயிற்றா, கடைசியாக எப்போது தின்றது, இவ்வளவும் கேட்டால் நல்ல இடம். வளர்ந்த பூனைக்கு முதல் நாள் இரவோடு தீனியை நிறுத்தினால் போதும்; தண்ணீர் காலை வரை இருக்கலாம். நான்கு மாதக் குட்டியையும் அதே கணக்கில் பட்டினி போடச் சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். குட்டிக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். அதற்குச் சில மணி நேரம் தாராளம்.

பேக்கேஜ் விலையில் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சேராது. வயதான பூனை என்றால் கூடக் கொடுத்தாவது எடுங்கள். சூல் கொண்ட பெட்டைக்கும், ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட கடுவனுக்கும் விலை ஏறும். அது ஏமாற்று இல்லை, வேலை உண்மையிலேயே பெரியது. ஆனால் வலி மருந்தைத் தனி பில்லாகப் போடுவது எங்களுக்குப் பிடிக்கவில்லை. வலி மருந்து வேண்டாம் என்று மிச்சம் பிடித்துவிட்டு வீட்டில் பனடால் கொடுத்துவிடுகிறார்கள். பூனையின் ஈரலால் பாராசிட்டமாலைச் சமாளிக்க முடியாது. ஒரே மாத்திரை பூனையை முடித்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். நக்கினால் தையல் போயிற்று. பெட்டைக்கு 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பார்கள். கடுவனுக்கு அநேகமாகத் தையலே இருக்காது என்பதால் சில நாள் மணலுக்குப் பதில் கிழித்த நாளிதழ் போடுங்கள், புண்ணில் தூள் ஏறாது. ஈறு வெளுத்தாலோ ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு போங்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு கடுவனைப் பெட்டைகளோடு விட்டால் குட்டி வரக்கூடும். உள்ளே மிச்சமிருக்கும் விந்து தீரச் சில வாரம் ஆகும்.

இனி சிப். அரிசியைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குழல், பேட்டரி கிடையாது, ஸ்கேனர் பட்டால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். பூனை எங்கே திரிகிறது என்று போனில் காட்டாது. தோள்பட்டை நடுவே தோலடியில் போடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே போட்டுவிடலாம் என்பதுதான் பேக்கேஜின் ஒரே நிஜமான வசதி. ஊசி போடுவதற்கு முன் பூனையை ஒரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும், ஏற்கெனவே சிப் இருக்கலாம். போட்டபின் இன்னொரு முறை. தையல் பிரிக்கும் நாளில் மூன்றாவது முறை நீங்களே கேளுங்கள். சிப் சில சமயம் தோளை விட்டு முன்னங்கால் பக்கம் இறங்கிவிடும், முதுகில் மட்டும் ஸ்கேனரை வைத்துப் பார்த்துவிட்டு ‘சிப் இல்லை’ என்பார்கள்.

எண்ணைப் பதிவு செய்வதில்தான் பெரிய ஓட்டை. பார்கோடு ஸ்டிக்கரைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். எண் எந்தப் பதிவேட்டில், யார் பெயரில், எந்த போன் நம்பரோடு ஏறியிருக்கிறது? கிளினிக்கின் நம்பரில் ஏற்றியிருந்தால், ஞாயிறு இரவு உங்கள் பூனையைக் கண்டெடுத்தவர் பூட்டிய கடைக்குத்தான் போன் அடிப்பார். உங்கள் பெயரில் ஏறிய உறுதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஐரோப்பாவுக்கோ பிரிட்டனுக்கோ கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் சிப் முதலில், வெறிநாய்க்கடித் தடுப்பூசி அடுத்து. வரிசை மாறினால் ஊசி செல்லாது, மறுபடி போட வேண்டும்.

பட்ஜெட் இடித்தால் அம்பாங்கில் எஸ்பிசிஏ சிலாங்கூர் (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) நடத்தும் கிளினிக் கெம்பிரியைக் கேட்டுப் பாருங்கள். தெருப் பூனையைக் கொண்டுபோகிறவர்கள் இடது காது நுனியைச் சற்று நறுக்கச் சொல்லுங்கள். அடையாளம் இல்லாவிட்டால் அதே பெட்டையை இன்னொருவர் பிடித்துவந்து மறுபடி வயிற்றைத் திறக்க வைப்பார்.