கருந்தாடிப் பாசியோடு சில வருடங்கள்: எதெல்லாம் வேலை செய்தது?

மீன்தொட்டியில் வரும் பாசிகளில் பாதிக்கு மேல் பெரிய தொல்லை இல்லை. புதுத் தொட்டியில் பழுப்பாகப் படரும் டயட்டம் சில வாரங்களில் தானாகவே போய்விடும். கண்ணாடியில் பச்சைப் புள்ளிகளாக ஒட்டுவதைப் பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டி எடுத்துவிடலாம். இங்கே நான் எழுதுவது பிளாக் பியர்ட் ஆல்கே என்கிற கருந்தாடிப் பாசியைப் பற்றி. மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக பிபிஏ என்பார்கள். என் 100 லிட்டர் செடித் தொட்டியில் இது வந்தது, போனது, மறுபடி வந்தது, இப்போது ஒருவழியாக அடங்கியிருக்கிறது. இடையில் நான் பயன்படுத்திப் பார்த்தவை ஒவ்வொன்றும் எப்படி இருந்தன என்று சொல்கிறேன்.

முதலில் அடையாளம். அனுபியாஸ் இலையின் ஓரம், ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் குழாயின் வாய், மரக்கட்டையின் முனை, இந்த மூன்று இடங்களில்தான் முதலில் தெரியும். கருப்பாகவோ கரும்பச்சையாகவோ சின்னச் சின்னக் குஞ்சங்களாக நிற்கும். விரலால் பிடித்து இழுத்தால் இலைதான் கிழியும், பாசி அசையாது. சந்தேகமாக இருந்தால் ஒரு துணுக்கை வெட்டி ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். சிவப்பாக மாறினால் இதுதான். பார்வைக்குக் கருப்பாக இருந்தாலும் இது சிவப்புப் பாசி இனம். பச்சையம் கரைந்து வெளியேறியதும் உள்ளே இருக்கும் சிவப்பு நிறமி தெரிகிறது. நீலப்பச்சை நிறத்தில், வழவழப்பாக, ஏடு ஏடாக உரிந்து வந்து, கூடவே நாற்றமும் அடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதற்கு வைத்தியம் வேறு.

மருந்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஹைட்ரஜன் பெராக்சைடு, காயம் கழுவ வைத்திருக்கும் அதே 3 சதவீதக் கரைசல். ஃபில்டரை நிறுத்தித் தண்ணீர் அசையாமல் நின்றதும், ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து பாசிக் குஞ்சத்தின் மேலேயே மெதுவாக விடவேண்டும். விட்ட சில நொடிகளில் ஒவ்வொரு இழையிலும் பொடிப்பொடியாகக் குமிழிகள் கட்டி மேலே ஏறும். பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதுதான் அது. கால் மணி நேரம் கழித்து ஃபில்டரை ஓடவிடலாம். அடுத்த சில நாட்களில் கருப்பு வெளிறி இளஞ்சிவப்பாகும், பிறகு வெள்ளையாகும். அந்த நிலையில் இறால்களும் நத்தைகளும் வந்து மேய ஆரம்பிக்கும். கருப்பாக இருந்தபோது கிட்டவே வராதவை இவை. அளவு முக்கியம்: 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி, ஒரு நாளைக்கு அதற்கு மேல் நான் போவதில்லை. பாசி நிறைய இருந்தால் இன்று ஒரு பக்கம், சில நாள் கழித்து இன்னொரு பக்கம் என்று பிரித்துக்கொள்வேன். இறால், மீன்குஞ்சு இருக்கும் தொட்டியில் இன்னும் குறைவாகத் தொடங்குவது நல்லது. பாசி மண்டிய கட்டையையோ கல்லையோ வெளியே எடுக்க முடிந்தால் எடுத்தே பூசிவிடுங்கள், மீன்களுக்கு எந்தப் பயமும் இல்லை.

அடுத்தது செடிகளுக்கு உரம் போல விற்கப்படும் திரவ கார்பன். பெயர்தான் கார்பன், இந்தப் பாட்டில்கள் பலவற்றில் பாசியைக் கொல்வது குளுட்டரால்டிஹைடு, மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யப் பயன்படும் அதே பொருள். வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வாலிஸ்னேரியா, எலோடியா, மாஸ் வகைகள் இதைத் தாங்குவதில்லை, இலை கரைந்து போய்விடும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, முகர்ந்து பார்க்கக்கூடாது. பெராக்சைடே போதும் என்றிருக்கும்போது இதை வீட்டில் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

பாசி தின்னும் மீன் என்று கேட்டால் மூன்று வெவ்வேறு மீன்களைக் காட்டுவார்கள். இந்தப் பாசியை உண்மையிலேயே தின்பது சயாமீஸ் ஆல்கே ஈட்டர். அதன் கருப்புக் கோடு மூக்கிலிருந்து வால் துடுப்பின் நுனி வரை போகும். ஃபிளையிங் ஃபாக்ஸுக்கும் கோடு உண்டு, ஆனால் கோட்டுக்கு மேலே தங்க நிறத்தில் இன்னொரு பட்டை இருக்கும். அதை நம்பிப் பயனில்லை. சைனீஸ் ஆல்கே ஈட்டர் வளர வளர முரடாகி மற்ற மீன்களின் உடம்பிலேயே ஒட்டி உறிஞ்சும், வேண்டவே வேண்டாம். சயாமீஸிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குட்டியாக இருக்கும்போது நன்றாக மேயும். பெரிதாகி, தீவனத்தின் ருசி கண்டுவிட்டால் பாசியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 15 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதால் சின்னத் தொட்டிக்கு இதை வாங்காதீர்கள்.

சரி, இதெல்லாம் பாசியைக் கொல்லும் வழிகள். கொல்வது கஷ்டமே இல்லை. கொன்ற பிறகு வராமல் இருப்பதுதான் விஷயம், அதை எந்த பாட்டிலும் எனக்குச் செய்து தரவில்லை. பெராக்சைடு மட்டும் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு முறையும் அதே குழாய் வாயில், அதே இலை ஓரத்தில் திரும்ப முளைத்தது.

நிலைமை மாறியது லைட்டை டைமரில் போட்டு 6 மணி நேரத்துக்குக் குறைத்த பிறகு. அதோடு ஃபில்டரையும் கவனித்தேன். ஸ்பாஞ்சில் சேறு அடைத்தால் நீரோட்டம் குறைகிறது, கழிவு மூலைகளில் தங்குகிறது, அழுகும் கழிவு பாசிக்குத் தீனியாகிறது. இப்போது வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். மாற்றும்போது சைஃபனை மணலுக்கு மேலே ஓட்டிக் கழிவையும் இழுத்துவிடுகிறேன். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுகிறேன், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். பழைய, ஓட்டை விழுந்த இலைகளை வைத்திருப்பதில்லை, பாசி முதலில் பிடிப்பது அதைத்தான். ஹார்ன்வொர்ட், ஹைக்ரோஃபிலா போன்ற வேகமாக வளரும் செடிகளைக் கொஞ்சம் அதிகமாகவே விட்டிருக்கிறேன்.

என் தொட்டியில் செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்கும் சிஓ2 சிலிண்டர் இல்லை. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஏற்ற இறக்கம் இந்தப் பாசிக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதைச் செடித் தொட்டிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

இன்றைக்கும் ஃபில்டர் குழாயின் பின்பக்கம் ஒன்றிரண்டு குஞ்சம் அவ்வப்போது தெரியும். உடனே சிரிஞ்சைத் தேடுவதில்லை. டைமர் ஒழுங்காக ஓடுகிறதா, ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். அப்புறம், புதுச் செடி வாங்கினால் இலை ஓரங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கருப்புக் குஞ்சம் இருக்கும் இலையைத் தண்ணீரில் இறக்கும் முன்பே கத்தரித்துவிடுங்கள்.