எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் ஆட்கள் யாராவது இருந்தால், போன மாதம் எனக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு பிபிசி மைக்ரோ இருக்கிறது, எண்பதுகளின் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர். 1984இல் கிளாஸ் என்ற அரசின் கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார்களே, அந்த ரகம். 6502 பிராசசர், 32 கேபி மெமரி. அப்பா வேலை பார்த்த பள்ளியில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்து வந்தார். அவர் போன பிறகு, அல்சூர் வீட்டில் மாதம் ஒருமுறை நான் போட்டுப் பார்ப்பேன். ஆன் செய்ததும் தாழ்வாக ஒரு சத்தம், உடனே உயர்ந்து ஒரு பீப். அதைக் கேட்டால் அப்பா பக்கத்தில் இருப்பது போல இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்ட பத்தாவது நிமிடம் இடது பக்கத்திலிருந்து குபுகுபுவென்று புகை. கண் எரிகிற நாற்றம். பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாளே எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தமிழர், கிருஷ்ணகிரிப் பக்கம். அதிலேயே பாதி நம்பிவிட்டேன்.

அவர் மூடியைக் கழற்றி ஆன் செய்தார். இரண்டு சத்தமும் சரியாக வந்தன. கொஞ்ச நேரம் கழித்து, "சார், இதுல கை வெச்சுப் பாருங்க" என்றார். ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு, ஒட்டிய ஒரு சிப். சுட்டது. "சிப் எரிஞ்சிருக்கு சார். கூடவே டிஸ்க் சிப்பும் போயிருக்கும். வெச்சிட்டுப் போங்க." நாலு நாள் கழித்து 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் போட்டேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் புகை.

அப்புறம்தான் தூரவாணி நகரில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அங்கே இருக்கும் டெலிபோன் தொழிற்சாலையான ஐ.டி.ஐ.யில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போர்டை அவர் தொடவே இல்லை. பவர் சப்ளை பெட்டியை மட்டும் கழற்றி, மூக்கருகே கொண்டுபோனார். "இங்க பாரு தம்பி." உள்ளே மஞ்சளாக, கண்ணாடி போன்ற உறையில் ரிஃபா கம்பெனியின் இரண்டு கெப்பாசிட்டர்கள். இரண்டும் வெடித்து, பழுப்பாக ஒழுகியிருந்தன. காகிதச் சுருள் வைத்துச் செய்தவை. வயதானால் உறையில் கீறல் விழுந்து, ஈரம் இறங்கி, ஒருநாள் புகைந்துவிடும். மெயின்ஸ் கரண்டில் வரும் மின் இரைச்சலை வடிகட்டத்தான் அவை இருக்கின்றன. அதனால் அவை போனாலும் மெஷின் பெரும்பாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மெயின்ஸில் போடுவதற்கென்றே இருக்கும் எக்ஸ்2 வகையில் புதிதாக இரண்டு போட்டார், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. போர்டில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டினார்.

கடையில் நான் தொட்டது வீடியோ யுஎல்ஏ, திரைக்குப் படம் அனுப்பும் சிப். நல்ல நிலையிலேயே சுடுகிற சிப், அதற்காகத்தான் ஹீட்சிங்க். சிப் நிஜமாகவே எரிந்திருந்தால் மேலே கொப்புளமோ ஓட்டையோ இருக்கலாம், 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் காட்டலாம். பிராசசர் ஓடாவிட்டால் அந்த இரண்டாவது பீப் வராது. இது எதையுமே கடைக்காரர் பார்க்கவில்லை.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். டிஸ்க் கட்டளை எதுவும் வேலை செய்யவில்லை. டிஸ்க் டிரைவை இயக்கும் சிப்பாக முதலில் இருந்தது இன்டெல் 8271. கிடைப்பதே அரிது, விலையும் அதிகம். சாக்கெட்டில் இருப்பதால் நெம்பினால் வந்துவிடும். பெரியவர் பஞ்சில் அசிட்டோன் தொட்டு, 'புது' சிப்பின் தலையில் தேய்த்தார். பஞ்சு கறுப்பானது. அடியில் உப்புத்தாள் தேய்த்த கீறல்கள். ஏதோ ஒரு சிப்பின் பழைய எழுத்தை அழித்து, கறுப்புப் பூசி, மேலே புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அதில் அச்சிட்டிருந்த தேதி எண் 1126, அதாவது 2011ஆம் வருடம் 26ஆவது வாரம். இந்தச் சிப் எண்பதுகளின் சரக்கு! நல்ல வேளையாக போர்டின் பழைய போட்டோ ஒன்று போனில் இருந்தது, அதில் எங்கள் பழைய சிப்பின் 84 என்று தொடங்கும் எண் தெளிவாகத் தெரிகிறது.

திரும்பப் போய்க் கேட்டேன். "பழசைக் குப்பையில போட்டாச்சு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

உங்கள் மெஷினைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு சிப்பின் எழுத்தும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துவிடுங்கள், கடைக்காரர் கண் முன்னாலேயே. கழற்றிய பழைய சிப்பைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இன்னொன்று. பையன்கள் மாற்றி வைத்துவிடக் கூடாது என்று அப்பா அந்த 8271 மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தார். அப்படி ஒன்றை யாராவது விற்க வந்தால், தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கேட்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.