இடித்துப் போட்டுவிட்டுப் போனவரை ஐந்து மாதம் தேடினேன்

நாற்பத்தைந்து நாளில் சமையலறையும் குளியலறையும் முடிந்துவிடும் என்றார் கான்ட்ராக்டர். ஐந்து மாதம் ஆனது. வீட்டு வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

இடிப்பதற்கு மட்டும் ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். நான்கு பேர், இரண்டே நாள். பழைய டைல்ஸ், சிங்க், பைப் எல்லாம் மூட்டையாகி வெளியே போயின. என்ன வேகம் என்று நானே பாராட்டினேன்! இடித்தபின் நம்மால் அவரை மாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. அடுத்தவர் போட்ட அரைகுறை வேலையில் கை வைக்க வேறு எந்த மேஸ்திரியும் லேசில் வரமாட்டார். நான் கேட்ட இரண்டு பேரும் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

பணத்தில்தான் பெரிய தப்பு செய்தேன். தொடங்கும்போது 30 சதவீதம் கொடுத்தேன். இடித்து முடித்ததும், "சார், டைல்ஸ், பைப் எல்லாம் மொத்தமா எடுத்துட்டா விலை ஏறாது" என்றார். இன்னொரு 40 சதவீதம் போனது. அன்றைக்கு வீட்டில் நடந்திருந்த வேலை, சுவரை உடைத்தது மட்டும்தான். அந்தப் பணத்தில் வேறொருவர் வீட்டுக் கூலி பாக்கி தீர்ந்தது என்று பிறகு அவருடைய கொத்தனாரே சொன்னார். என் வேலை முடிய அடுத்து ஒருவர் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் காரணங்கள். மேஸ்திரிக்குக் காய்ச்சல். லாரி வரவில்லை. அந்த டிசைனில் டைல்ஸ் ஸ்டாக் இல்லை. நான் கத்துகிற நாளில் மட்டும் ஒரு சித்தாள் வந்து, மூலையில் கிடக்கும் மணலை இன்னொரு மூலைக்குத் தள்ளிவிட்டுப் போவார். என் மனைவி காலண்டரில் ஆள் வந்த நாளை வட்டமிட்டு வந்தார். மூன்றாவது மாதத்தில் ஒன்பது வட்டம். குளியலறையில் பிரித்துப் போட்டிருந்த சிமெண்ட் மூட்டை அதற்குள் கல்லாக இறுகிவிட்டது. அதை உடைத்துச் சலித்துக் கலக்கப் பார்த்தார்கள். கட்டி தட்டிய சிமெண்டில் வலு இருக்காது. தூக்கி எறியச் சொன்னேன், அதற்கு ஒரு சண்டை.

தாமதத்தைவிடக் கடைசியில் வந்த அவசரம்தான் மோசம். ஐந்தாவது மாதம் திடீரென்று நான்கே நாளில் முடிக்கிறேன் என்று இறங்கினார்கள். சிமெண்ட் பூச்சு இறுக, ஒரு வாரமாவது தண்ணீர் காட்டி ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஒரே நாள் காட்டினார்கள். வாட்டர் ப்ரூஃபிங் அடித்தபின் வடிகாலை அடைத்து, குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் காலையிலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இப்போது நாணயத்தால் தட்டினால் ஆறு டைல்ஸ் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் கொடுக்கின்றன, அதாவது அடியில் சரியாக ஒட்டவில்லை. தரை வாட்டமும் சரியில்லை, தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் வருகிறது.

ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருந்தது. அதில் மொத்தத் தொகை இருந்தது, முடிக்க வேண்டிய தேதி இல்லை. தாமதமானால் எவ்வளவு கழிப்பது, எந்த வேலை முடிந்தால் எவ்வளவு கொடுப்பது என்று எதுவும் இல்லை. 'சீக்கிரம் முடித்துத் தரப்படும்' என்று ஒரு வரி இருந்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். சிரிக்காதீர்கள்.

நடுவில் இன்னொரு 20 சதவீதமும் சில்லறை சில்லறையாகப் போய்விட்டது. மனைவி பிடிவாதமாக நிறுத்தி வைத்த கடைசி 10 சதவீதம்தான் மிச்சம். ஐந்து மாதம் போனை எடுக்காதவர் இப்போது காலையும் மாலையும் கூப்பிடுகிறார். அந்த ஆறு டைல்ஸையும் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தபின் பணம் என்றேன். நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.