அம்மோனியா உற்பத்தி: கரியமில வாயுவைப் புதைப்பதா, நீரைப் பகுப்பதா?

வேதித் தொழில்துறையின் பசுங்குடில் வாயு உமிழ்வைக் குறைக்க வேண்டுமானால் முதலில் கைவைக்க வேண்டிய இடம், உரங்களின் மூலப்பொருளான அம்மோனியா. உலகில் ஆண்டுக்குச் சுமார் 18 கோடி டன் அம்மோனியா தயாராகிறது. அதற்காக ஏறத்தாழ 45 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது. நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் ஹேபர்–போஷ் வினையிலிருந்து இந்த வாயு வருவதில்லை. இயற்கை எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ ஹைட்ரஜனைப் பிரிப்பதால்தான் வருகிறது. ஆகவே போட்டி முழுவதும் ஹைட்ரஜனை எப்படிப் பெறுவது என்பதில் இருக்கிறது.

எரிவாயுவிலிருந்தே ஹைட்ரஜனைப் பெற்று, வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்துப் புதைப்பது ஒரு வழி; நீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜனைப் பெறும் மின்னாற்பகுப்பு மற்றொரு வழி. யாரா என்ற நார்வே நிறுவனம் இரு வழிகளிலும் இறங்கியிருப்பதால் ஒப்பிடுவது எளிது. நெதர்லாந்தின் ஸ்லாயிஸ்கில் ஆலையில் ஆண்டுக்கு 8 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடித்துத் திரவமாக்கி, கப்பலில் நார்வேக்கு அனுப்பி, கடற்படுகைக்குக் கீழே சுமார் 2.6 கிலோமீட்டர் ஆழத்தில் செலுத்த 2023இல் ஒப்பந்தமானது. ஹைட்ரஜனைத் தூய்மையாக்கும் கட்டத்தில் இந்த வாயு எப்படியும் தனியே பிரிக்கப்படுவதால், இருக்கும் ஆலையை இடிக்காமலேயே பெரும்பங்கைப் பிடித்துவிடலாம். ஆனால் உலைகளின் புகையில் அது நீர்த்துக் கலந்திருப்பதால் அந்தப் பங்கைப் பிடிப்பது கடினம்; எரிவாயுக் கிணறுகளிலும் குழாய்களிலும் கசியும் மீத்தேனை இந்த முறை தொடுவதே இல்லை. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப் போல் எண்பது மடங்குக்கு மேல் வெப்பமூட்டும் என்பதால் இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை.

நார்வேயின் ஹெரோயாவில் 2024இல் திறக்கப்பட்ட 24 மெகாவாட் மின்னாற்பகுப்பு அலகு தரும் ஹைட்ரஜனிலிருந்து ஆண்டுக்கு 20,500 டன் அம்மோனியா கிடைக்கும். தவிர்க்கப்படும் உமிழ்வு 41,000 டன், அதாவது ஸ்லாயிஸ்கில் கணக்கில் இருபதில் ஒரு பங்கு. இது புதிய தொழில்நுட்பமும் அன்று: நார்வேயின் ரியூக்கானில் நீர்மின்சாரத்தாலும், நம் பஞ்சாபின் நங்கலில் பக்ரா அணையின் மின்சாரத்தாலும் முன்பே இப்படி உரம் செய்தார்கள். ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 10,000 யூனிட் மின்சாரம் வேண்டும். உலகத் தேவை முழுவதையும் இவ்வழியில் நிறைவேற்ற, இந்தியாவின் ஓராண்டு மின் உற்பத்திக்கு நிகரான அளவு தேவைப்படும். அதை அனல்மின் நிலையங்களிலிருந்து எடுத்தால் உமிழ்வு, எரிவாயு ஆலையைவிடப் பல மடங்கு கூடிவிடும்.

இந்திய வாசகர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான சிக்கல் யூரியா. அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்துத்தான் யூரியா செய்கிறார்கள்; ஒரு டன் யூரியாவில் 0.73 டன் கரியமில வாயு அடங்கியிருக்கிறது. எரிவாயு ஆலை அதைத் தன் கழிவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, மின்னாற்பகுப்பு ஆலைக்கோ அது கிடைப்பதில்லை. யூரியாவுக்குள் போனதைச் சேமிப்பு என்றும் சொல்ல முடியாது. வயலில் இட்ட சில நாள்களில் அது சிதைந்து காற்றில் கலக்கிறது. நைட்ரேட் உரங்களை மிகுதியாகப் பயன்படுத்தும் ஐரோப்பாவுக்கு இந்தத் தடை இல்லை.

எனவே, ஓடிக்கொண்டிருக்கும் எரிவாயு ஆலைகளில் பிடித்துப் புதைப்பதைக் காலவரம்போடு ஏற்கலாம். புதிதாக ஓர் எரிவாயு ஆலை கட்ட அதைக் காரணமாக்கக் கூடாது. புதிய ஆலைகள் தமக்கென அமைத்த சூரிய, காற்று மின்சாரத்தில் இயங்கும் மின்னாற்பகுப்பையே நம்ப வேண்டும். அந்த அம்மோனியா முதலில் யூரியா அல்லாத டிஏபி போன்ற உரங்களுக்குப் போகட்டும்; யூரியாவுக்கான கரியமில வாயுவைத் தாவரக் கழிவுகளிலிருந்து பெறும் ஏற்பாடு அதற்குள் தொடங்கியாக வேண்டும்.