எண்ணெய் கேனா, பிவிசி பைப்பா, மீன் பெட்டியா: ஸ்ட்ராபெர்ரிக்கு எது தோது?

மாடியில் ஸ்ட்ராபெர்ரி வைக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் பழைய பிவிசி பைப்பைத்தான் தேடிப் போகிறார்கள். காயலான் கடையில் அதற்குப் பக்கத்திலேயே கிடக்கும் 15 லிட்டர் சமையல் எண்ணெய் கேன் அதைவிட நல்ல தொட்டி. ஓட்டல்களிலிருந்து வருவது, புதுத் தொட்டி ஒன்று வாங்கும் காசுக்கு இரண்டு மூன்று கிடைக்கும்.

பைப்பின் குறை அதன் வயிற்றில் இருக்கிறது. 4 அங்குலப் பைப் ஒரு வெயிலுக்கே காய்ந்துவிடும், அதை விட்டுவிடலாம். 6 அங்குலப் பைப்பை 4 அடிக்கு நிறுத்தினால் சுமார் 22 லிட்டர் மண்கலவை பிடிக்கும். அதன் பக்கங்களில் துளை போட்டு 15 செடி வைத்தால் ஒரு செடிக்கு ஒன்றரை லிட்டர்கூடத் தேறாது. மேலே ஊற்றும் தண்ணீர் அடியில் தேங்கும். மேல்வரிசை வாடும்போதே கீழ்வரிசை அழுகும். தண்ணீர் ஊற்றுவதற்கென்று நடுவில் துளையிட்ட முக்கால் அங்குலக் குழாயைச் செருகி, மேல்பாதியில் துளைகளை நெருக்கமாகவும் கீழே குறைவாகவும் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அதைவிடப் பெரிய கவலை ஈயம். பிவிசி பைப்பில் சேர்க்கும் ஈயத்துக்கு நம் நாட்டில் விதி வந்ததே 2021இல்தான். பழைய பைப்பை அறுக்கும் தூளும், சூடுகாட்டி வளைக்கும்போது வரும் புகையும் உடம்புக்கு ஆகாது. சாப்பிடும் பழத்துக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்.

மீன் வரும் தெர்மாகோல் பெட்டி வேரைக் குளிர்ச்சியாக வைக்கும், அது உண்மை. ஆனால் உப்பு ஊறியிருக்கும். ஸ்ட்ராபெர்ரிக்கு உப்பு ஆகவே ஆகாது, இலை ஓரம் கருகிவிடும். நனைந்த மண்ணோடு தூக்கினால் அடி பிளந்துவிடும். ஒரு பருவத்துக்கு மட்டும் சரி. இரண்டரை.

இனி கேன். சமையல் எண்ணெய் வந்ததுதானா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஆசிட், பினாயில், பூச்சிமருந்து வந்த கேன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூடியை இறுகத் திருகி மூடி, கேனைப் படுக்கவைத்து, மேல்முகத்தில் சுற்றிலும் 3 செ.மீ. விளிம்பு விட்டு ஜன்னல் போல வெட்டுங்கள். விளிம்பை ஒட்ட வெட்டினால் ஈரமண் பாரத்தில் பக்கங்கள் பிதுங்கும். வெட்டிய பிறகு வெந்நீர், சோப்புத்தூள், சாம்பல் போட்டு இரண்டு முறை தேயுங்கள். பிசுக்கு மிஞ்சினால் எறும்பு வரும், தேங்காய்நார்த் தூளும் தண்ணீரை உள்ளே விடாது.

வடிகால் துளை 8 மி.மீ. அளவில் பத்து, மூலைகளிலும் சேர்த்து. பழுக்கக் காய்ச்சிய ஆணியைக் கேனின் உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியிலிருந்து குத்தினால் உருகிய பிளாஸ்டிக் உள்பக்கம் வரப்பு போலத் திரண்டு, அடியில் எப்போதும் ஒரு தகடு தண்ணீர் நிற்கும். வேரழுகல் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

வெட்டுவிளிம்பு கத்தி போல இருக்கும். தொங்கும் பழத்தின் காம்பு அதில் உரசி அறுந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி விளிம்பில் மாட்டினால் போதும். கேனின் பக்கங்களில் சாக்கு சுற்றுங்கள். வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும், வெயில் நேராகப் பட்டால் கேனும் சீக்கிரம் நொறுங்கும்.

கலவை 12 லிட்டர்: மூன்று முறை அலசி உப்பெடுத்த தேங்காய்நார்த் தூள் 6, மண்புழு உரம் மூன்றரை, செம்மண் இரண்டரை. தண்ணீர் விட்டு ஒருநாள் அமுங்கவிட்டு, குறைந்ததை நிரப்பிய பிறகே நடவேண்டும். கேனுக்கு மூன்று செடி. ஆளுக்கு 4 லிட்டர் மண் கிடைக்கிறது, பைப்பில் கிடைப்பதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். இலைகள் கிளம்பும் குருத்து மண்மட்டத்தில் சரியாக உட்கார வேண்டும். புதைந்தால் அழுகும், தூக்கலாக நின்றால் வேர் காயும்.

புதிய இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், பெரும்பாலும் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புதான் காரணம். மண்ணின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். மழைத்தண்ணீருக்கு மாறினால் தெளியும். காய்ப்பு முடியும்வரை ஓடுதண்டுகளை, அதாவது செடியிலிருந்து கொடிபோல நீண்டு ஓடும் தண்டுகளை, நறுக்கிவிடுங்கள்.

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இந்தக் கேன் ஆண்டு முழுவதும் உழைக்கும். மழைக்காலத்தில் மேலே ஷீட் போடாவிட்டால் பழத்தில் சாம்பல்நிறப் பூஞ்சை ஏறும். சமவெளியில் ஐப்பசியில் நட்டுத் தை, மாசியில் பறிக்கலாம். சித்திரை வெயிலில் செடி போய்விடும், அதற்குக் கேனைக் குறைசொல்ல முடியாது. ஐந்துக்கு நாலு, தூக்கிப்பிடிக்க வாகான பிடி ஒருமுனையில் மட்டுமே இருப்பதால் ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறோம்.